நூலா, சங்கிலியா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபக்காரி. கண்டிக்குப் பக்கத்துப் பல்லேகலையில் ட்ரக்டர் விற்கிற எங்கள் யார்டில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சந்திரிகாவா, அது வாயாடியாச்சே, எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுமே என்பார்கள். பேசுவேன்தான். யார்டை விட்டு ஒரு வண்டி வெளியே போக வேண்டுமானால் கேட் பாஸில் கையெழுத்துப் போடுகிறவள் நான். ‘சுமை முறையாகக் கட்டப்பட்டிருப்பதை நேரில் பார்த்தேன்’ என்று அந்தத் தாளில் மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கிறது. அதன் கீழே வருவது என் பெயர். முதலாளியின் பெயர் அங்கே எந்த மூலையிலும் இல்லை. நடுவழியில் ஒரு ட்ரக்டர் ட்ரெய்லரை விட்டு உருண்டு பஸ்ஸின் மேல் விழுந்தால், பொலிஸ் முதலில் டிரைவரைப் பிடிக்கும், அடுத்து அந்தப் பெயரைத் தேடி வரும்.

இந்த வேலை என் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்தது என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதலாளி இராமகிருஷ்ணன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “தேயிலைத் தோட்டத்துப் பிள்ளயத்தான் போட்டிருக்கேன். காட்டின எடத்துல கையெழுத்துப் போடும், கேள்வி கேக்காது” என்றார். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்கே அந்தக் கோப்பையை அவர் மேசையில் வைத்துவிட்டு யார்டுக்கு இறங்கிப்போய் டிரைவர் பாயிஸ் நானாவிடம் கேட்டேன்: “நானா, ஒரு ட்ரக்டர சரியா கட்றதுன்னா எப்படி? ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க.”

பாயிஸ் நானாவுக்கு ஊர் அலவத்துகொட. இருபத்திரண்டு வருஷம் பாரமான வண்டி ஓட்டியவர். சிரித்தார், ஆனால் சொன்னார். மிச்சத்தை நான் கம்பனிக்காரன் தந்த புத்தகத்தில் படித்தேன். ஒரு ட்ரக்டருக்கு ஐந்து சங்கிலி வேண்டும். முன்பக்கத்து இரண்டும் முன்னோக்கி இழுக்கவேண்டும், பின்பக்கத்து இரண்டும் பின்னோக்கி இழுக்கவேண்டும். ஐந்தாவது, பின்னால் தொங்கும், மண் கிளறுகிற ரோட்டவேட்டருக்கு. அதையும் ட்ரெய்லர்ப் பலகை வரை இறக்கித்தான் கட்டவேண்டும். கொக்கியை அச்சிலோ அடிச்சட்டத்திலோ மாட்டலாம், ஸ்டியரிங் கம்பியில் மாட்டினால் வளைந்துபோகும். கியரில் விட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கடைசியில் ஒவ்வொரு சங்கிலியையும் பைண்டரால் இறுக்கவேண்டும். பைண்டர் ஒரு நீளக் கைப்பிடி, அதை மடக்கினால் சங்கிலியில் இருக்கிற தொய்வெல்லாம் போய்விடும். கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்கவேண்டும். எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிஷம் பிடிக்கும்.

அந்த நாற்பது நிமிஷத்துக்காகத்தான் எனக்கும் முதலாளிக்கும் சண்டை. ஒவ்வொரு வண்டிக்கும் நான் இறங்கிப்போய், குனிந்து, சங்கிலியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். ஒருநாள், ஒரு கொக்கி சரியில்லை என்று குருணாகல் லொறியைத் திருப்பிக் கட்டவைத்தேன். முதலாளி ஒபிஸ் படியில் நின்று எல்லோர் முன்னாலும் கத்தினார். “இனி நீ யார்டுக்கு எறங்கினா அப்படியே வீட்டுக்குப் போயிரு! போன்ல கேளு, கையெழுத்துப் போடு. அதுக்குத்தான் சம்பளம்!”

வீட்டில் வேலையில் இருப்பது நான் ஒருத்திதான். பணிந்துபோனேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் முதல் பிழை என்னுடையது.

அடுத்த வியாழக்கிழமை மாவனல்லைப் பக்கத்து விவசாயச் சங்கம் ஒன்றுக்கு ஒரு ட்ரக்டர் போகவேண்டும். முதல் ட்ரக்டர் மனதுக்குப் பிடித்தால் இன்னும் பதினொன்று வாங்குவோம் என்று சங்கத்தார் சொல்லியிருந்தார்கள். அவர்கள் நெகத், அதாவது நல்ல நேரம், பார்த்திருந்தார்கள். காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்குச் சில்லு மண்ணைத் தொடவேண்டும். பதினொன்று நாற்பது இல்லை, நாற்பத்தைந்தும் இல்லை, நாற்பத்திரண்டு.

முதலாளி தன் பங்குக்கு கண்டிப் பிள்ளையார் கோயிலில் இருந்து மஞ்சள் நூல் ஒன்றைப் பூசை செய்து வாங்கி வந்திருந்தார். காலை ஏழு மணியில் இருந்து அந்த நூல்தான் பேச்சு. லோடிங் பார்க்கிற லெட்சுமணன் அண்ணனை அவர் படுத்திய பாட்டை நான் மேலே ஒபிஸில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கட்டியாச்சா, கட்டியாச்சா என்று குரல் வந்துகொண்டே இருந்தது. எதை என்று நான் யோசிக்கவில்லை. லோடிங் நடக்கிற இடத்தில் கட்டுவதென்றால் எனக்குச் சங்கிலிதான்.

ஒன்பது மணிக்கு லெட்சுமணன் அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணே, கட்டியாச்சா?”

“கட்டியாச்சும்மா.”

“நல்லா இறுக்கித்தானே?”

“ரெண்டு முடிச்சு போட்டிருக்கேன். முதலாளியே வந்து பாத்துட்டாரு.”

சங்கிலிக்கு ஏது முடிச்சு? அந்த நேரம் அது எனக்கு உறைக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ‘நேரில் பார்த்தேன்’ என்ற வரிக்கு நேர் கீழே, வழக்கம்போல அழகாகப் போட்டேன். ஒன்பது பத்துக்கு, ட்ரக்டர் ஏற்றிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு பாயிஸ் நானாவின் லொறி கேட்டைத் தாண்டியது. பின்னாலேயே முதலாளியின் கார், தேங்காயும் பூத்தட்டுமாகப் போனது.

மனம் கேட்கவில்லை. இருபது நிமிஷம் கதிரையில் உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. முதலாளிதான் இல்லையே என்று யார்டுக்கு இறங்கினேன். ஷெட்டுச் சுவரில் ஐந்து கொக்கி. ஐந்து கொக்கியிலும் ஐந்து சங்கிலி, எண்ணெய் பூசி, சாவகாசமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. லெட்சுமணன் அண்ணனைத் தேடி ஓடினேன்.

“அண்ணே! என்னாத்த கட்டினீங்க?”

லெட்சுமணன் அண்ணன் பீடியைக் கீழே போட்டார். “நூலத்தான். ஸ்டியரிங்ல. ஏன்?”

“சங்கிலி?”

“அது பாயிஸு ஏறுறப்போ கட்டுவாருல்ல?” என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. “காலையில இருந்து முதலாளி கட்டியாச்சா கட்டியாச்சான்னு உசிர வாங்கினாரும்மா. நீ கேட்டதும் அதையேதான்னு நெனச்சேன். பாயிஸும் வந்து கட்டியாச்சான்னு கேட்டாரு. அவருக்கும் கட்டியாச்சுன்னுட்டேன்.”

“அப்ப வண்டிய எது புடிச்சிருக்கு?”

“ஷெட்ட விட்டு இழுக்குறப்போ ரெண்டு நைலோன் கயிறு போட்டேன். கட்டையும் இருக்கு.”

ஒரே சொல். மூன்று பேர் கேட்டோம், மூன்று பேரும் ஒரே பதிலை வாங்கிக்கொண்டு திருப்தியாகப் போனோம். இரண்டரைத் தொன் இரும்பு இரண்டு நைலோன் கயிற்றிலும் ஒரு முழம் மஞ்சள் நூலிலும் கடுகண்ணாவை மலை இறக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

பாயிஸ் நானாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? வண்டி ஓட்டும்போது போன் எடுக்கமாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கிக் கையெழுத்து வைக்கச்செய்தவளே நான்தான். அடுத்து முதலாளிக்கு அடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“கயிறு இருக்குல்ல?” என்றார்.

“இருக்குங்க சேர், ஆனா எறக்கத்துல கயிறு நிக்காது.”

“நல்ல காரியத்துக்குப் போறப்போ வாய வைக்காத. நேரம் தப்பினா பதினொரு ட்ரக்டர் போயிரும். வேலையப் பாரு.” போனை வைத்துவிட்டார்.

கடுகண்ணாவை இறக்கத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் கல்மலை, மறுபக்கம் பள்ளம், வளைவுக்கு வளைவு பஸ். மேலிருந்து கீழே இறங்குகிற வண்டியில் இருக்கிற சுமை எல்லாம் முன்னுக்குத்தான் தள்ளும். முன்னால் இருப்பது பாயிஸ் நானாவின் தலை. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். அதற்கும் முன்னால் யார் போவார்கள், எந்த ஸ்கூல் வேன் போகும் என்று யாருக்குத் தெரியும்? பயந்தேன். என் பெயருக்காகப் பயந்தேன், அதையும் மறைக்கமாட்டேன். ஆனால் அந்த நேரம் பெயரைவிட நானாவின் தலைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

கேட்டுக்கு வெளியே, வாடகைக்கு ஓட்டுகிற பாரூக்கின் த்ரீவீல் நின்றது. நானும் லெட்சுமணன் அண்ணனும் சங்கிலிகளையும் பைண்டர்களையும் தோளில் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் பாரூக் எழுந்து நின்றுவிட்டார்.

“தங்கச்சி, இது த்ரீவீல். லொறி இல்ல.”

“தெரியும். கடுகண்ணாவைக்குப் போங்க. எறக்கத்துக்கு முன்னால ஒரு ட்ரெய்லரப் புடிக்கணும்.”

“இந்தப் பாரத்தோட முன்சில்லு மேல எழும்பும்.”

“லெட்சுமணண்ணன முன்னால ஒங்க பக்கத்துல ஏத்திக்கங்க. எழும்பாது.”

அப்படித்தான் போனோம். கண்டி வாவிக்கரையில் வாகன நெரிசல், பேராதனையில் இன்னும் நெரிசல். என் காலடியில் சங்கிலி ஒவ்வொரு குழிக்கும் குதித்தது. என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கத்தலுக்குப் பயந்து இருபது படி இறங்காமல் விட்டவள் நான். பிலிமத்தலாவையில் மரக்கறி லொறி ஒன்று றோட்டில் நின்று சாமான் இறக்கிக்கொண்டிருந்தது, அந்த மகராசன் நன்றாயிருக்கட்டும். அவனால் பெரிய வண்டியெல்லாம் தேங்கி நின்றன. பாரூக் ஓரத்தால் புகுந்து புகுந்து போனார். கடுகண்ணாவை டவுனுக்குள் வந்தபோது எங்கள் ட்ரெய்லரின் பின்பக்கத்தைக் கண்டேன். ட்ரக்டரைச் சுற்றிக் குருத்தோலைத் தோரணம் கட்டியிருந்தார்கள், கலியாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

“முன்னால போய் குறுக்க நிப்பாட்டுங்க!”

பாரூக் நிறுத்தினார். லொறி பிரேக் அடித்து நின்றது. பாயிஸ் நானா தலையை வெளியே நீட்டினார்.

“என்ன தங்கச்சி, எங்கள மௌத்தாக்கப் பாக்கிறீங்களா?”

“நானா, எறங்கி வந்து பின்னால பாருங்க.”

இறங்கி வந்தார். தோரணத்தை விலக்கினார். முன்பக்கத்துக் கயிறு தொய்ந்து கிடந்தது. சில்லுக்கு வைத்த கட்டை நழுவி, பலகையில் நான்கு விரல் நீளத்துக்கு டயர் தேய்ந்த கறுப்புக் கோடு. இன்னும் இறக்கமே தொடங்கவில்லை. டவுனுக்குள் போட்ட பிரேக்குகளுக்கே நான்கு விரல் முன்னால் வந்திருந்தது. நானா அந்தக் கோட்டின் மேல் கையை வைத்தார்.

“யா அல்லாஹ். கட்டியாச்செண்டு செல்லித்தானே நான் ஏறின.”

“நூல கட்டியாச்சுன்னு சொல்லியிருக்காரு.”

லெட்சுமணன் அண்ணன் தலை குனிந்துகொண்டார்.

“எண்டாலும் நானும் பாக்கல” என்றார் நானா. “முதலாளி ஹோன் அடிச்சி அடிச்சி வெரட்டின. கயித்தக் கண்டேன். இங்க வந்து நிண்டு பாப்பம் எண்டு நெனச்சேன். பிழை எனக்கிட்டயும் இரிக்கி.”

அதற்குள் முதலாளியின் கார் வந்து பக்கத்தில் நின்றது. வெள்ளைச் சேட், நெற்றியில் சந்தனம், கையில் போன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். பத்து ஐம்பத்தைந்து.

“என்னா கூத்து இது? வண்டிய எடு பாயிஸு!”

“சேர், நாலு விரல் நகந்திருக்குங்க. சங்கிலி கொண்டு வந்திருக்கேன். நாப்பது நிமிஷம் குடுங்க” என்றேன்.

“நாப்பது நிமிஷமா? இங்கயிருந்து மாவனல்லைக்கு அரை மணி நேரம். நேரம் தப்பிரும். மெதுவா ஓட்டிக்கிட்டுப் போனா போதும். சாமி நூலு கட்டியிருக்கு.”

“சாமி காப்பாத்தட்டும், நான் வேணாங்கல. சாமிக்கும் ரெண்டு சங்கிலி ஒத்தாசையா இருக்கட்டும்.”

பக்கத்துக் கடைவாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவரைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். முகம் சிவந்துவிட்டது.

“கேட் பாஸ்ல கையெழுத்துப் போட்டாச்சு. ஒன் வேல முடிஞ்சிருச்சு. தள்ளி நில்லு.”

“அந்தக் கையெழுத்து பொய்யுங்க சேர். நான் பாக்காம போட்டது. நானா, அந்தப் பாஸக் குடுங்க.”

நானா சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். என் கையெழுத்தின் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டேன். பேனை தாளைக் கிழித்துக்கொண்டு போனது. முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார், சத்தமாக, கடைவாசல் வரைக்கும் கேட்கும்படி:

“ஒங்க ஆத்தா சம்பளத்துக்குக் கைநாட்டு வச்சவ. நீ என்னா எனக்குக் கையெழுத்தப் பத்திப் படிப்பிக்கிற?”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

“ஆமா, வச்சாங்க. படிக்கத் தெரியாம வச்சாங்க. எனக்குப் படிக்கத் தெரியும், அதுனாலதான் கோடு போட்டேன். கயிறு போதும்னு சொல்றீங்கல்ல? சரி. இந்தா, இங்க வாங்க.” நான் ட்ரெய்லரில் தொற்றி ஏறினேன். ட்ரக்டரின் மூக்குக்கும் லொறியின் முதுகுக்கும் நடுவே மூன்றடி இடம் இருந்தது. அதைக் கையால் தட்டிக் காட்டினேன். “இங்க ஏறி உக்காருங்க சேர். முதுக ட்ரக்டர்ல சாய்ச்சு சொகமா உக்காந்து வாங்க. மாவனல்லை வரைக்கும் நீங்க இங்க உக்காந்து வாறதா இருந்தா, புதுப் பாஸ்ல இப்பவே கையெழுத்துப் போடுறேன். ஒரு வார்த்த பேசமாட்டேன்.”

றோட்டில் ஹோன் சத்தம் இருந்தது, கீழே எங்கேயோ ரயில் போனது. முதலாளி அந்த மூன்றடி இடத்தைப் பார்த்தார். கறுப்புக் கோட்டைப் பார்த்தார். காலை எடுத்து வைக்கவில்லை.

“ஒங்களால முடியாத எடத்துலதான் நானா உக்காந்து ஓட்டப் போறாரு. நடுவுல ஒரு தகரம் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்” என்றேன்.

பாயிஸ் நானா லொறிக்குப் போனார். எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். “சேர், கோபிக்க வாணாம். உசிரு என்ட, லைசன்ஸும் என்ட. சங்கிலி போடாம நான் எறக்கமாட்டேன்” என்றார். நான் வேலைக்கு வந்த நாள் முதல் அவர் முதலாளியை மறுத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நீ இன்னையோட வேலைய விட்டுப் போ” என்றார் முதலாளி என்னைப் பார்த்து. நானாவை ஒன்றும் சொல்லவில்லை. டிரைவர் கிடைப்பது கஷ்டம்.

“போறேன் சேர். கட்டிட்டுப் போறேன்.”

கார்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு அவர் முன்னால் போய்விட்டார்.

கட்டத் தொடங்கினோம். முதலில் நானா ட்ரக்டரைக் கிளப்பி நான்கு விரலையும் பின்னுக்கு எடுத்தார். கியரில் விட்டு கைப்பிரேக்கை இழுத்தார். ரோட்டவேட்டரைப் பலகையில் இறக்கினார். லெட்சுமணன் அண்ணன் தோரணத்தை அறுத்து எறிந்துவிட்டு ட்ரக்டருக்கு அடியில் புகுந்து கொக்கி மாட்டினார். நான் பைண்டரைப் பிடித்தேன். மூன்றாவது சங்கிலியை இறுக்கும்போது என் உள்ளங்கையில் தோல் போனது. பாரூக் தன் வாடகையை மறந்துவிட்டு வந்து நான்காவதை வாங்கிக்கொண்டார். கடைக்காரர் ஒருவர் சிவப்புத் துணித் துண்டு ஒன்றைத் தந்தார், அதை ரோட்டவேட்டரின் நுனியில் கட்டினோம். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நாங்கள் ஐந்தாவது சங்கிலியில் இருந்தோம். ஒருவரும் மணிக்கூட்டைப் பற்றிப் பேசவில்லை. முடிந்ததும் ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டினேன், அசையவில்லை. கைப்பையில் இருந்த பாஸ் புத்தகத்தில் புதுப் பாஸ் ஒன்று எழுதி, நேரம் பன்னிரண்டு ஐந்து, இடம் கடுகண்ணாவை என்று போட்டு, கையெழுத்து வைத்தேன். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஒருத்தி போட்ட கையெழுத்து செல்லுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது உண்மையான கையெழுத்து.

நானும் லொறியில் ஏறிக்கொண்டேன். இறக்கத்தில் ஒரு தனியார் பஸ் வளைவில் குறுக்கே வெட்டியது. நானா பிரேக்கை ஊன்றி மிதித்தார். நான் கண்ணாடியில் போய் நெற்றியை இடித்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் சங்கிலி ஒரு தடவை முறுகிய சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் இல்லை. கதை சுவைக்கவேண்டும் என்பதற்காக இதற்குமேல் ஒன்றும் சேர்க்கமாட்டேன். ஒன்றும் நடக்கவில்லை, கீழே போய்ச் சேர்ந்தோம்.

சங்கத்து வாசலில் ஐம்பது பேர், குத்துவிளக்கு, பாற்சோறு. முதலாளி ஒரு ஓரத்தில் வேர்த்துப்போய் நின்றார். சங்கத்தின் செயலாளர், அறுபது வயதுச் சிங்களப் பெரியவர், வண்டியைச் சுற்றி நடந்து சங்கிலிகளைத் தட்டிப் பார்த்தார். நேரம் தப்பிவிட்டதற்கு முதலாளி சிங்களத்தில் கையைப் பிசைந்து பிசைந்து மன்னிப்புக் கேட்டார். பெரியவர் கையை விசிறினார். அதற்கென்ன, முதல் நெகத் தப்பினால் வைத்துக்கொள்ள ஒன்று இருபதுக்கு இரண்டாவது நெகத்தையும் சாத்திரக்காரர் எழுதித் தந்திருக்கிறாரே, அது எப்போதும் தருவதுதானே என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முயலவில்லை. ஒன்று இருபதுக்குச் சில்லு மண்ணைத் தொட்டது, வெடி போட்டார்கள்.

திரும்பும்போது முதலாளி லொறிப் பக்கம் வந்தார். “பாத்தியா? ஒன்னுமே நடக்கல. இதுக்காகவா அத்தன பேருக்கு முன்னால என் மானத்த வாங்கின?”

“ஒன்னும் நடக்கக் கூடாதுன்னுதானே சேர் கட்றது.”

“நாளைக்குக் காலையில வந்து கணக்க முடிச்சிட்டுப் போ” என்றார்.

அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் அது பொய். வேலை போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா என் உள்ளங்கைக்கு மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டாள்.

காலையில் போய்ப் பாஸ் புத்தகத்தை ஒப்படைத்தேன், முதலாளி அதை மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டார். மேசையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது, சிங்களத்தில் டைப் அடித்தது. முதலாளி ஒரு பேனையை அதன் மேல் உருட்டிவிட்டார். “கையெழுத்துப் போடு. இந்த மாசச் சம்பளம் முழுசா தாறேன்.” விரலால் இடத்தையும் காட்டினார்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். சொந்தக் காரணங்களுக்காக என் விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன் என்று எழுதியிருந்தது.

“இது பிழையா இருக்குங்க சேர்.”

“எது பிழை?”

பேனையை எடுத்து அந்த வரியை அடித்தேன். மேலே இருந்த இடத்தில் சிங்களத்தில் எழுதினேன், கீழே தமிழிலும் எழுதினேன்: ‘சங்கிலி கட்டாத ட்ரக்டரைக் கடுகண்ணாவை இறக்கத்தில் இறக்க விடாதபடியால் நான் வேலையிலிருந்து நீக்கப்படுகிறேன்.’ நேற்றைய திகதி, நேரம், வண்டி இலக்கம் எல்லாம் போட்டேன். அதற்கு அடியில் என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்து, கடிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“இத எப்படி நான் ஃபைல்ல வைக்கிறது?”

“உண்மைதானே சேர் எழுதியிருக்கேன்.”

“லேபர் ஒபிஸ்காரன் ஒருத்தன் பாத்தா? இன்சூரன்ஸ்காரன் பாத்தா?”

“அது எனக்குத் தெரியாதுங்க. இத வச்சுக்கிட்டா நான் இப்பவே போறேன். வைக்க முடியாதுன்னா, நான் எப்படிப் போறது?”

அப்போது கீழே ஹோன் அடித்தது. பாயிஸ் நானா. பதுளைக்குப் போகவேண்டிய வண்டி கேட்டில் நின்றது, பாஸ் இல்லாமல் காவல்காரன் கதவைத் திறக்கமாட்டான். இரண்டாம் தடவையும் ஹோன் அடித்தது. முதலாளி லாச்சியைத் திறந்தார், பாஸ் புத்தகத்தை எடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்தார்.

“லொறி நிக்குது” என்றார்.

“எறங்கிப் போய்ப் பாக்கணும் சேர். அரை மணி நேரமாவது ஆகும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுந்தேன். பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். அந்தக் கடிதத்தையும் எடுத்து நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் கையை நீட்டினார், ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“இது என்கிட்ட இருக்கட்டும் சேர்,” என்றேன், “இதுல என் கையெழுத்து இருக்கு.”